ஆடலும் ஆடையும்

மக்கள் உடுக்கும் உடை வெயிலையும் குளிரையும் தடுக்கின்றது, மானத்தைக் காக்கின்றது, உடுத்தவரின் நாட்டையும் தொழிலையும் ஓரளவு உணர்த்துகின்றது. இவை எல்லா உடைக்கும் பொதுவான பயன்கள். ஆடற்கலைஞர் உடுக்கும் உடைக்கோ இவற்றின் மேலும் ஒரு கடமை உண்டு. அஃது ஆட்டத்தைக் காட்ட வேண்டும். காண்போர் எதைக் காண வேண்டுமோ அதனை விளக்கி, எது மறைய வேண்டுமோ அதனை மறைப்பதே ஆடல் உடையின் இலக்கணம். இவ்விலக்கணம் எங்கள் ஊர்ப்புறத்துத் தெருக்கூத்துக்கும் பொருந்தும். பாரிசு மாநகரத்து அரங்குக்கும் பொருந்தும்.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி ஆடிய பதினொரு வகை ஆடல்களை இளங்கோவடிகள் முறைப்படக் கூறுகின்றார். சிவபெருமான் ஆடிய கொடுகொட்டி, மாயவன் ஆடிய அல்லியம், முருகன் ஆடிய துடி, காமன் ஆடிய பேடு, கொற்றவை ஆடிய மரக்கால் என அவை விரிகின்றன. மாதவி அவை எல்லாவற்றிற்கும் ஒரே கோலம் பூண்டாள் அல்லள். அவரவர்க்கு உரிய அணியோடும், அவ்வவ்வாடலுக்கு உரிய முறையோடும் ஆடினாள் என்பது காப்பியம் தரும் செய்தி. ஆடல் மாறின் கோலமும் மாற வேண்டும் என்பது அக்காலத்திலேயே வகுக்கப்பட்ட நெறி என இதனால் அறிகின்றோம். மரக்கால் ஆடலில், காலில் கட்டிய மரமே கோலத்தின் சிறந்த உறுப்பாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது.

நான் வாழும் ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியை அடுத்து, கல்வராயன் மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்தது. அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றால் வளம் பெறும் வட்டாரத்தைச் சேர்ந்தது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் அம்மன் கோயில் விழாக்களை ஒட்டித் தெருக்கூத்து நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். திரௌபதி அம்மன் கோயில் விழாவாயின், பாரதக் கதையைப் பகலில் ஒருவர் விரித்துரைப்பார். அதே கதையை இரவில் கூத்தர் ஆடிக் காட்டுவர். விடியும்வரை நிகழும் அக்கூத்தை, நான் சிறுவனாயிருந்த நாளில், பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில் கண் இமைக்காது கண்டு மகிழ்ந்திருக்கின்றேன்.

அக்கூத்தில் வரும் கோலங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று கட்டை வேடம்; மற்றொன்று சேலை வேடம். துரியோதனன், கன்னன், அருச்சுனன் போன்ற அரசரும் வீரரும் கட்டை வேடத்தினர். பெண் பாத்திரங்கள் சேலை வேடத்தினர். கட்டை என்பது மரத்தாலாகிய அணிகலனைக் குறிக்கும். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கிக் கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டையும், மார்பில் அணியும் பதக்கமும் செய்வர். அவற்றின்மேல் வண்ணத்தாளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஒட்டுவர். இடைக்குக் கீழே பழஞ்சேலைகளை மடித்துச் சுற்றிப் பருமனாக்கி, அதன்மேல் அகன்ற பாவாடையைக் கட்டுவர். முகத்தில் அரிதாரமும் காலில் சலங்கையும் சேரக் கோலம் நிறைவு பெறும். இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னிருந்து பாட்டோடு அரசன் தோன்றுவான். திரை நீங்கியதும் அவன் சுழல்வான். கண்ணாடிச் சில்லுகள் தீப்பொறி போல மின்னும். பாவாடை குடையென விரியும். பகலில் நாம் கண்ட மெலிந்த மனிதர் அப்பொழுது பேருருவம் கொண்ட வேந்தராகவே காட்சியளிப்பார்.

முதிய கூத்தர் ஒருவரிடம், “இவ்வளவு பாரத்தைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஆடுகிறீர்களே! இலேசான உடையில் ஆடலாகாதா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் நகைத்து, “ஐயா, கூத்துப் பார்க்க வந்தவர் எல்லாரும் களரிக்குப் பக்கத்திலேயா உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைசியில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ராசா தெரிய வேண்டாமா? அவர் என் காலைப் பார்க்க வேண்டாம். என் சுற்றைப் பார்த்தால் போதும். பாவாடை விரிந்தால்தான் சுற்று தெரியும்” என்று விடையிறுத்தார். ஆடல் உடையின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் கூறும் நூலை நான் படித்ததில்லை.

இத்தகைய உடை இளைஞன் ஒருவனுக்குத் துன்பம் தந்ததையும் நான் அறிவேன். நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கூத்துக் கலைஞர் ஒருவரின் மகன் ஒன்பதாம் வகுப்பிற் படித்து வந்தான். உடன் பயின்ற சிலர் அவனைப் “பாவாடை ராசா மகன்” என்று அழைத்து எள்ளி நகையாடினர். தந்தையின் தொழில் யாது என்று வகுப்பில் வினவியபோது, “கூலி வேலை” என்று மட்டும் சொல்லி அவன் அமர்ந்துகொண்டான். அது பொய்யன்று. பகலில் அவர் வயலில் உழைப்பவரே. ஆயினும், இரவில் ஊரே எழுந்து நின்று வரவேற்கும் கன்ன மகாராசனாகத் தம் தந்தை விளங்குவதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

எள்ளியவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள், உலக நடனக் கலை பற்றிய நூல் ஒன்றை வகுப்பிற்குக் கொண்டு சென்று, அதிலிருந்த ஒரு படத்தைக் காட்டினேன். படத்தில் நின்றவன் தலையில் இறகுகள் உயர்ந்த முடி இருந்தது. அவன் மேனியெங்கும் பொற்கதிர்கள் ஒளிர்ந்தன. இடையில் விறைத்து அகன்ற குட்டைப் பாவாடை இருந்தது. “இவர் யார்?” என்று கேட்டேன். “கூத்தாடி, ஐயா!” என்று பல குரல்கள் எழுந்தன. “ஆம், ஆடியவர்தாம். அவர் பிரான்சு நாட்டின் மன்னரும் ஆவார்” என்றேன்.

அம்மன்னர் பதினான்காம் லூயி. 1653 ஆம் ஆண்டு பாரிசில் ‘இரவின் பாலே’ என்னும் நீண்ட ஆடல் நிகழ்ச்சி நடைபெற்றது. அப்பொழுது அவருக்கு வயது பதினான்கு. இரவு கழிந்து விடியும் காட்சியில், எழுஞாயிறாக வேடம் புனைந்து அவர் ஆடினார். ‘கதிரவ மன்னர்’ என்று பின்னாளில் உலகம் அவரை அழைத்ததற்கு அவ்வேடமும் ஒரு காரணம். ஆடற்கலையை முறைப்படுத்த 1661 இல் அவரே ஓர் அரச கழகத்தையும் நிறுவினார். இச்செய்திகளைக் கூறி முடித்தபோது வகுப்பில் நகையொலி எழவில்லை. அந்த மாணவன் அந்நூலை என்னிடம் கேட்டு வாங்கிச் சென்றான். இரண்டு நாள் கழித்து அவன் அதனைத் திருப்பித் தந்தபோது, “அப்பாவிடம் காட்டினாயா?” என்றேன். “காட்டினேன், ஐயா. வேடம் நன்றாகத்தான் இருக்கிறது, பாவாடைக்கு உள்ளே இன்னும் இரண்டு சேலை சுற்றியிருக்கலாம் என்றார்” என்றான். சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்திருந்தது.

அப்படத்திலிருந்த பாவாடைக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பது சுவையான வரலாறு. பாலே என்னும் ஆடல் இத்தாலிய அரசவைகளில் தோன்றிப் பிரான்சில் வளர்ந்தது. தொடக்கத்தில் அதனை ஆடியோர் அரசரும் உயர்குடியினருமே. 1681 ஆம் ஆண்டு முதலே பாரிசின் பொது அரங்கில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் தோன்றலாயினர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரர் வேடம் பூண்ட ஆடவர், ‘சிறு பீப்பாய்’ என்று பொருள்படும் பெயருடைய விறைத்த பாவாடையை அணிந்தனர். பெண்டிரின் பாவாடை வளையங்களால் இருபுறமும் அகன்று தரையைத் தொட்டது. முகத்தை முகமூடி மறைத்தது. தோற்றப் பொலிவுக்குக் குறைவில்லை. ஆயினும் கூரையுள்ள அரங்கில் அருகமர்ந்து காண்போருக்கு, ஆடும் கால்களின் நுட்பமும் முகத்தின் மெய்ப்பாடும் புலப்படவில்லை. திறந்த வெளியில் தொலைவிலிருந்து காண்போருக்குத் துணைசெய்யும் அகன்ற உடை, அங்கே தடையாயிற்று.

அத்தடையை முதலில் உணர்ந்தோர் ஆடியவர்களே. கமார்கோ என்னும் நங்கை, ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட துள்ளல்களில் வல்லவர். மேலெழும்பி நிற்கும் நொடிப்பொழுதில் இரு கால்களையும் மாற்றி மாற்றிப் பின்னும் தம் திறம் தோன்றும்பொருட்டு, அவர் பாவாடையின் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். சில விரற்கடை உயரமே ஆயினும், அக்காலத்தில் அது பெரும் பேச்சுக்கு இடமாயிற்று. அவர் காலத்தவரான மாரி சாலே, 1734 இல் இலண்டன் அரங்கில், உயிர்பெற்றெழும் சிலையாக ஆடும்போது வளையப் பாவாடையை நீக்கி, மெல்லிய மஸ்லின் உடை உடுத்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார். 1760 இல் நோவேர் என்னும் ஆடலாசிரியர் வெளியிட்ட கடித நூல், முகமூடியும் பருத்த பாவாடைகளும் ஒழிய வேண்டும் என்று வற்புறுத்தியது. மெல்ல மெல்ல அவை ஒழிந்தன.

1832 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாரி தாலியோனி என்பவர் பாரிசில் ‘லா சில்ஃபீடு’ என்னும் பாலேயில் வானத்து அணங்காக ஆடினார். மணியின் வடிவில் முழங்காலுக்குக் கீழ்வரை தாழ்ந்த, பனிபோன்ற வெள்ளை உடை அவருடையது. கால் நுனிவிரல்களின்மேல் நின்று அவர் அசைந்தபோது, நிலத்தில் கால் தோயாத தெய்வமகளே வந்தாள் என்று காண்போர் வியந்தனர். உடலின் எடையையே மறக்கச் செய்தது அவ்வுடை. மென்துணி அடுக்குகளால் ஆகிய அத்தகைய பாவாடையே பின்னர் ‘டூட்டு’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

மாணவர்களே, இவ்வழகுக்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. அக்காலத்து அரங்குகளில் எரிவாயு விளக்குகளின் சுடர் திறந்தே எரிந்தது. அதனருகே பறக்கும் மெல்லிய துணி பஞ்சினும் விரைவில் பற்றிக்கொள்ளும். தீப்பற்றாதபடி துணியை மருந்துநீரில் தோய்க்கும் முறை அப்பொழுது அறியப்பட்டிருந்தது. அவ்வாறு தோய்த்த துணி விறைத்து நிறம் மங்கும், மேகம்போல் மிதவாது. அதனால் கலைஞர் பலர் அதனை விரும்பவில்லை. தாலியோனியின் மாணவியாகிய எம்மா லிவ்ரியும் அதனை மறுத்தார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது அவருடைய பாவாடையில் விளக்கின் சுடர் பற்றியது. எட்டு மாதம் துன்புற்று, 1863 சூலையில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபதே. அவ்வுடையில் எரியாது எஞ்சிய துணித்துண்டுகள் பாரிசில் இன்றும் காக்கப்படுகின்றன. ஆட்டத்தைக் காட்டுவதோடு, ஆடுவோரைக் காப்பதும் உடையின் கடமை என்பதை அத்துண்டுகள் உரைக்கின்றன.

அந்நூற்றாண்டின் இறுதியில் உடை மேலும் குறுகியது. இத்தாலியக் கலைஞர் பலர் உருசியா சென்று, ஒற்றைக்காலின் நுனியில் நின்று பலமுறை சுழலும் அரிய வித்தைகளைக் காட்டினர். பியரினா லெனானி என்பவர் 1895 இல் ‘அன்னப்பொய்கை’ என்னும் பாலேயில் இடையறாது முப்பத்திரண்டு முறை சுழன்றார். இத்தகைய ஆட்டத்தில் இடுப்பு முதல் விரல்நுனி வரை காலின் கோடு முழுதும் தெரிய வேண்டும். ஆகவே பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி, பின்னாளில் இடுப்பைச் சுற்றிக் கிடையாக விரிந்த தட்டின் வடிவம் பெற்றது. வலைத்துணியைப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாகச் சுருக்கித் தைப்பர். அடியிலுள்ள அடுக்கு மிகக் குறுகியது. மேலே செல்லச் செல்ல அகலம் மிகும். கீழடுக்குகள் மேலடுக்கைத் தாங்கும். சிலவற்றில் மெல்லிய எஃகு வளையமும் செருகுவர். நம் கூத்தர் பாவாடைக்குள் பழஞ்சேலை சுற்றுவதன் நோக்கமும் இதுவே. மேல்துணி தளராமல் நிற்க அடித்துணி உழைக்கின்றது. ஆனால் ஒன்று காலை மறைத்துச் சுழற்சியைக் காட்டும்; மற்றொன்று சுழலும் காலையே காட்டும்.

உருசிய நாட்டு டூட்டுவை அணிந்து உலகை வலம்வந்தவர் அன்னா பாவ்லோவா. 1907 ஆம் ஆண்டு முதல் அவர் ஆடிவந்த ‘இறக்கும் அன்னம்’ என்னும் சிறு ஆடல் பெரும்புகழ் பெற்றது. 1931 இல் அவர் இறக்கும் தறுவாயில், தம் அன்ன உடையை எடுத்துவைக்குமாறு கூறினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. அவருடைய நட்பே நம் நாட்டு ஆடல் உடையிலும் ஒரு மாற்றத்துக்கு வித்தாயிற்று. 1928 ஆம் ஆண்டளவில் ருக்மிணி தேவி அருண்டேல் அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையை நாடு என்று பாவ்லோவா அவரை ஊக்கினார்.

ருக்மிணி தேவி நாடிய நாட்டுக்கலை அப்பொழுது சதிர் எனப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதனை வளர்த்தவர் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்டிரும் நட்டுவனாரும். அவர்கள் கால்சட்டையின் மேல் கனத்த சரிகைச் சேலையை மடிப்பு மடிப்பாகச் சுற்றி, இடையில் கச்சை பூட்டி ஆடினர். ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றில் அரங்கேறினார். 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கோயிற் சிற்பங்களின் கோலத்தை ஆராய்ந்து, இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் துணையோடு அவர் வகுத்த தைத்த உடையே, இன்று பலரும் அணியும் பரதநாட்டிய உடைக்கு அடிப்படையாயிற்று. கால்களுக்கு இடையே அமைந்த விசிறி மடிப்பு, நிற்கும்போது குவிந்திருக்கும். அரைமண்டியில் அமரும்போது மலர்ந்து விரியும். முழங்கால்கள் இருபுறமும் மடிந்த அழகிய வடிவத்தை அஃது அரங்கின் கடைசி வரிசைக்கும் எடுத்துக்காட்டும். அவர் பாலே கற்றவராயினும் டூட்டுவை இங்கே கொணரவில்லை. பட்டும் சரிகையும் நம்முடையனவாகவே இருந்தன. கைத்தறி நெசவையும் அவர் வளர்த்தார்.

ஆயினும் எல்லாரும் இவ்வுடையை ஏற்றுக்கொண்டாரல்லர். பழைய மரபில் வந்த பெருங்கலைஞர் பாலசரஸ்வதி சேலைக்கட்டிலேயே ஆடி உலகப்புகழ் பெற்றார். அபிநயமே உயிரான அவர் ஆட்டத்துக்கு அவ்வுடை சிறிதும் தடையாகவில்லை. 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இழிவான வழக்கமொன்று நீங்கியது நன்மையே. ஆனால், அக்கலையைக் காத்துத் தந்த குடும்பத்துப் பெண்டிர் பலர் அரங்கை விட்டு ஒதுங்கினர் என்பதையும் மறத்தலாகாது. புதிய உடையின் அழகைப் போற்றும் நாம், பழைய உடையை உடுத்தி ஆடியவர்களுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்கள்.

இதுகாறும் கூறியவற்றால், ஆடல் உடைகளுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது அது என்று பகுத்தல் பொருந்தாது என்பது விளங்கும். கூத்தரின் பாவாடை தொலைவில் இருப்பவருக்குச் சுழற்சியைக் காட்டுகின்றது. பரத உடையின் விசிறி மடிப்பு அரைமண்டியைக் காட்டுகின்றது. டூட்டு காலின் கோட்டைக் காட்டுகின்றது. அந்தந்த ஆட்டத்தின் தேவையை அறிந்து, ஆடியவரும் தைத்தவரும் மரம் செதுக்கியவரும் பலகாலம் ஆய்ந்து கண்ட விடைகள் இவை. உடையை மட்டும் கண்டு நகைப்பவன் வினாவையே அறியாதவன்.

மாணவர்களே, நீங்கள் எவ்வாடலைக் கண்டாலும் உங்களுக்குள் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். இவ்வுடை எதைக் காட்டுகின்றது? எதை மறைக்கின்றது? இதனை அணிந்தவர் இதற்காக எவ்வளவு பாடுபடுகின்றார்? இம்மூன்றையும் அறிந்தபின் பாரிசு நகரத்து வெள்ளைப் பாவாடையும் அயலாகத் தோன்றாது. நம் தெருவில் ஆடும் அரசனின் பாவாடையும் எளியதாகத் தோன்றாது. கூத்து முடிந்த விடியற்காலையில், வியர்வையில் நனைந்த சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடியில் உலர்த்திவிட்டு, வயல்வேலைக்குப் புறப்படும் கலைஞரைக் கண்டால், எழுந்து நின்று வணங்குங்கள். அவ்வணக்கத்துக்கு அவர் முற்றும் உரியவர்.